‘நீ’ வரை தெரிந்த மெயில்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸை அரைத்து ஃபிரேமுக்குள் பொருத்தும் அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை வெளியில் சொல்வதை அவர் விரும்புவதில்லை என்பதால் நாமும் விட்டுவிடுவோம். கடையில் அவரை ‘ரகசியம்’ என்று கூப்பிடுவார்கள். முதலாளி எரிச்சலாக இருக்கும்போது ‘யோவ் ரகசியம்’. வாடிக்கையாளர் முன்னால் ‘ரகசியம் சார்’.

வயது நாற்பதை ஒட்டி. இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல வழியில்லை. செருப்பு விற்கும் இணையதளத்தில் அவர் ஓய்வு பெற்ற பெண்மணி. வானிலை சொல்லும் தளத்தில் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்த பையன். சமையல் குறிப்புத் தளம் ஒன்று ஆண்டுதோறும் இரட்டைக் குழந்தை பெற்றதற்காக அவருக்கு வாழ்த்து அனுப்புகிறது. ‘குக்கீகளை ஏற்கிறீர்களா?’ என்று கேட்கிற எந்தப் பக்கத்தையும் அவர் சும்மா கடந்து போனதில்லை. விதிமுறைகளைக் கடைசி வரி வரைக்கும் படிப்பார், பெருமூச்சு விடுவார், மறுப்பார், பிறகு அந்தப் பக்கத்தில் என்ன பார்க்க வந்தோம் என்பதை மறந்துவிடுவார். மடிக்கணினியின் கேமராக் கண்ணில் எப்போதும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். அவர் அறையில் பார்க்கத்தக்க சம்பவம் எதுவும் நடந்ததாக அக்காவுக்கும் தகவல் இல்லை.

அக்கா வீட்டில்தான் அவர் இருந்தார். அக்கா தையல்காரி; அக்காவின் கணவர் பஸ் ஓட்டுகிறவர். அந்த மாமாவுக்கு நம் கதாநாயகர் செய்த துரோகம் ஒன்றை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். வீட்டு டிவியில் படம் பார்க்கும் கணக்கைத் திறந்தபோது, தன் பெயரைக் கொடுக்க மனமில்லாமல் மாமாவின் பெயரைக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அவர் பார்த்ததெல்லாம் காதல் படங்கள். ஆகவே சொந்தபந்தம் கூடியிருக்கும் நேரத்தில் யாராவது டிவியைப் போட்டால், திரை முழுக்க விரிந்து, மாமாவின் பெயர் சொல்லி, ‘உங்களுக்காகவே: கண்ணீர் வரவழைக்கும் காதல் கதைகள்’ என்று கூவும். மாமா ஹாரன் அடித்தே பெயர் வாங்கியவர். சம்பந்தி வீட்டார் அவரை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது.

காதல் படங்களைப் பற்றி ரகசியத்திற்கு ஒரு கோட்பாடு இருந்தது. எந்தக் காதல் படத்திலும் காதல் பிறப்பது அந்தரங்கம் மீறப்படும் கணத்தில்தான் என்பார். கதாநாயகியின் விலாசத்தை வாட்ச்மேன் காட்டிக்கொடுக்கிறான். அவளுடைய டைரியைக் கதாநாயகன் படிக்கிறான். அவனுடைய கடிதத்தை அவளுடைய தோழி பிரிக்கிறாள். யாராவது ஒருவர் உருப்படியாக ஒரு பாஸ்வேர்டு வைத்திருந்தால் இடைவேளையோடு எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். இதை அவர் ஆராய்ச்சியாளர் போலச் சொல்வார். சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குக் கைக்குட்டையை எடுப்பார்.

இப்படிப்பட்டவர் இலவச மெயில் வைத்திருப்பாரா? காசு கட்டி வாங்கியிருந்தார். ‘உங்கள் கடிதத்தை நாங்களே படிக்க முடியாது’ என்று பெருமை பேசும் சின்னக் கம்பெனி அது. கடைக்கென்று தனி மெயில் இருந்தது உண்மைதான். அதன் பாஸ்வேர்டு ‘கண்ணாடி’. மறந்துபோகாமலிருக்க அதை முதலாளி ஒரு சீட்டில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்த நாளே ரகசியம் பதறிப்போய், லென்ஸ் ஆர்டர்களையெல்லாம் தன் சொந்த மெயிலிலிருந்து அனுப்ப ஆரம்பித்தார்.

மறுமுனையில் லென்ஸ் டிப்போவில் ஆர்டர் எடுப்பவர் ஒரு பெண்மணி. கல்யாணமாகி, அது சரிப்படாமல், பழையபடி தனியாக வந்தவர். ஒரு முறை ரகசியம் ‘வலது கண் பவர் ஒன்றேகால், இடது நாலரை’ என்று ஓர் ஆர்டர் அனுப்ப, ‘ஒரே முகத்தில் இரண்டு கண்ணுக்கும் இவ்வளவு தூரமா? நேற்றுப் பார்த்த படத்தில் காதலிப்பவர்களே இதைவிடக் கிட்டத்தில் இருந்தார்கள்’ என்று பதில் வந்தது. எந்தப் படம் என்று ரகசியம் கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆர்டருக்குக் கீழும் ஒரு படம். இரண்டு வருடமாக லென்ஸும் கண்ணீரும் ஒரே உறையில் போய்வந்தன. எல்லாம் ‘நீங்கள்’தான். தொலைபேசி எண்ணைக் கொடுக்க அந்தப் பெண்மணி முன்வந்தபோது, ‘வேண்டாம், போன் கம்பெனிக்காரன் கேட்பான்’ என்று மறுத்தவர் நம்மவர். டிப்போவின் பொது எண்ணுக்குப் பேசலாம். ஆனால் அங்கே வரும் அழைப்பெல்லாம் பதிவாகிறது. அதற்கு உயிரை விடலாம் என்பது அவர் கட்சி.

அந்த வாரம் திங்கட்கிழமை வந்த மெயிலில், ஆர்டருக்குக் கீழே படம் இல்லை. ‘எனக்கு வேறு ஊரில் கிளை மேனேஜர் வேலை தருகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கம்பெனிக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தைரியம் வந்ததும் எழுதுகிறேன்.’

தைரியம் வியாழக்கிழமை மதியம் வந்தது. ரகசியத்தின் கைபேசி டொக்கென்றது. மெயில் வந்தால் திரையில் எவ்வளவு தெரிய வேண்டும் என்று அந்த மெயில் கம்பெனி கேட்டபோது, பக்கத்தில் நிற்பவன் படித்துவிடுவானே என்று ‘முதல் எழுத்து மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். திரையில் தெரிந்தது இவ்வளவுதான்:

நீ…

கையிலிருந்த ஃபிரேமைக் கீழே வைத்தார். காதல் படம் பார்ப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ‘நீங்க’ என்பது ‘நீ’ ஆகும் இடம் படத்தின் முதுகெலும்பு. அதற்குத்தான் பின்னணி இசைக்காரருக்குச் சம்பளம். அவசரத்தில், வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார். மடிக்கணினி வீட்டில் இருந்ததால், கடைக் கம்ப்யூட்டரில் தன் மெயிலைத் திறக்கப் போனார். பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்தார். புது இடம், தப்பான பாஸ்வேர்டு; திருடன்தான் என்று கம்பெனி முடிவு கட்டியது. கம்ப்யூட்டரில், கைபேசியில், எல்லா வாசலிலும் பூட்டுப் போட்டது. திறக்க வேண்டுமென்றால் மறுநாள் அலுவலக நேரத்தில் அவர்களைக் கூப்பிட்டுத் தான் தான்தான் என்று நிரூபிக்க வேண்டும்.

“என்னய்யா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறே?” என்றார் முதலாளி.

வேறு வழியில்லாமல் ரகசியம் விஷயத்தில் பாதியைச் சொன்னார். டிப்போவிலிருந்து மெயில், ‘நீ’ என்று ஆரம்பிக்கிறது.

“நீலக் கோட்டிங் லென்ஸ் ஸ்டாக் இல்லைன்னு எழுதியிருப்பாங்க. இதுக்கா இந்த மூஞ்சி?”

வீட்டில் மீதிப் பாதியையும் சொல்ல வேண்டியதாயிற்று. அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“இரண்டு வருஷமாவா? எனக்குத் தெரியாமயா? இதே கூரைக்குக் கீழயா?”

“அக்கா, அது என்க்ரிப்ட் ஆனது.”

“என்ன கருமமோ. ‘நீ’ன்னு ஆரம்பிச்சா நல்லதுதானே?”

“‘நீங்கள்’லயும் முதல் எழுத்து ‘நீ’தான்க்கா.”

டிவியில் தன் பெயரில் விரிந்த காதல் படத்தைக் கசப்போடு அணைத்துக்கொண்டே மாமா திரும்பினார். பழிவாங்கும் சந்தர்ப்பம் எல்லா மனிதருக்கும் ஒரு தடவை வருகிறது.

“நீண்ட நாளா உங்களை அண்ணனா நினைச்சுட்டிருக்கேன்னு கூட இருக்கலாம் மாப்ள.”

ரகசியம் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

“சும்மா இருங்களேன் நீங்க!” என்று மாமாவை அதட்டிவிட்டு, அக்கா அறை வாசல் வரைக்கும் பின்னாலேயே போனாள். “டேய், டிப்போவுக்கு ஒரு போனைப் போட்டுக் கேட்டுடேன். வாய் இருக்கில்ல?”

“பதிவு பண்ணுவாங்கக்கா.”

“பண்ணட்டுமே! கொலையா பண்ணப்போறே?”

கடை மெயிலிலிருந்து எழுதிக் கேட்கலாம் என்றால், அதன் பாஸ்வேர்டு மானிட்டரிலேயே ஒட்டியிருக்கிறது. நாளைக்குச் சாயங்காலத்தோடு அந்தப் பெண்மணி ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு ஏதோ ஓர் ஊருக்குப் போய்விடுவார். எந்த ஊர் என்றுகூட ரகசியத்துக்குத் தெரியாது. அதையும் கேட்டதில்லை. கேட்பது அநாகரிகம் என்று ஒரு கொள்கை.

வெள்ளிக்கிழமை மெயில் கம்பெனியைக் கூப்பிடுவதற்குள் பிற்பகலாகிவிட்டது. அவர்களுடைய காத்திருப்பு இசை நல்ல இசை. ஆனால் நீளம் அதிகம். கடையில் கூட்டம். வெளியே போய்ப் பேசலாம் என்றால் முதலாளி விடவில்லை.

“என் ஆர்டர் எல்லாம் உன் மெயிலுக்குள்ள கிடக்கு. இங்கயே, என் கண்ணு முன்னாடி பேசு.”

கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. “வணக்கம் சார், உங்க அந்தரங்கம் எங்க பொறுப்பு. சொல்லுங்க.”

“என் மெயில் திறக்க மாட்டேங்குதும்மா.”

“ரொம்ப சந்தோஷம் சார்.”

“என்னது?”

“எங்க பாதுகாப்பு நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம் சார். நீங்க குடுத்த ரகசியக் கேள்வியைக் கேக்கறேன். உங்க மனசுக்கு ரொம்ப நெருக்கமான படம் எது?”

இந்தக் கேள்விக்கு அவர் எங்கும் உண்மை சொன்னதில்லை. வழக்கமாகச் சொல்லும் போர்ப் படம் ஒன்றைச் சொன்னார். இல்லை. நீர்மூழ்கிக் கப்பல் படம். இல்லை. பென்குவின்களைப் பற்றிய ஆவணப்படம். அதுவும் இல்லை.

“சார், க்ளூ குடுக்கக் கூடாதுன்னு ரூல். ஆனா ஒரு மனுஷியா சொல்றேன். அந்த மாதிரிப் படமே இல்ல சார்.” குரலில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. அந்தக் கணக்கைத் திறந்த அன்று தியேட்டரிலிருந்து கண் வீங்கி வந்திருந்தார். பொய் சொல்லும் நிலையில் அவர் இல்லை. இணையத்திடம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை உண்மை பேசியிருக்கிறார். அதுவும் இந்த உண்மை.

திரும்பிப் பார்த்தார். கண் பரிசோதனை நாற்காலியில் ஓர் அம்மாள். ஃபிரேம் பார்க்கும் இரண்டு பேர். கல்லாவில் முதலாளி. பின்னறைக்குப் போகும் திரைக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் ஒதுங்கி, கையை மட்டும் உள்ளே நீட்டி லென்ஸ் அரைக்கும் மெஷினை ஓடவிட்டார். அது ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு முணுமுணுத்தார்.

“கேக்கல சார்.”

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

“ஏதோ அரைக்கிற சத்தம்தான் கேக்குது சார். தெளிவா, சத்தமா சொல்லுங்க.”

ரகசியம் கண்ணை மூடிக்கொண்டார். மெஷின் லென்ஸை அரைத்து முடித்ததும் தானாக நின்றுவிடும் என்பது, பல வருடம் அதை இயக்கிய அவருக்குத் தெரியாததல்ல. மறந்துபோனார். மெஷின் நின்றது, அடுத்த நொடி, அந்தப் பரிபூரண அமைதியில், அடிவயிற்றிலிருந்து வந்தது:

“மூன்றாம் மாடி முத்தம்!”

நாற்காலியில் இருந்த அம்மாள், எழுத்துப் பலகையின் கடைசி வரியை யாரோ படித்துக் காட்டினார்களோ என்று திரும்பிப் பார்த்தார். முதலாளியின் கை கல்லாப்பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

“சரியான விடை சார்!” என்றாள் கம்பெனிப் பெண். “எனக்கும் ரொம்பப் பிடிக்கும். அந்த லிஃப்ட் சீன்ல எங்க அம்மா தேம்பித் தேம்பி அழுதாங்க. நாளைக்கு இதே நேரத்துக்கு உங்க மெயில் திறந்துடும்.”

“நாளைக்கா?”

“பாதுகாப்புக்காக ஒரு நாள் நிறுத்தி வைப்போம் சார். உங்க நல்லதுக்குத்தான்.”

ரகசியம் போனைக் கீழே வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். டிப்போ மூடுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஒரு மனிதன் கடை நடுவில் நின்று அப்படி ஒரு பெயரைக் கத்திய பிறகு, அவனிடம் மறைப்பதற்கு மிச்சம் என்ன இருக்கிறது? டிப்போவின் எண்ணை அழுத்தினார். ‘சேவையின் தரத்தை மேம்படுத்த இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ என்று ஒரு குரல் அறிவித்தது. வைக்கவில்லை.

“லென்ஸ் டிப்போ, சொல்லுங்க,” என்றாள் போன் எடுக்கும் பெண்.

“ஆர்டர் எடுக்கிற மேடம் வேணும்.”

“நீங்க யாரு?”

“ரகசியம்.”

“ரகசியமா? என்கிட்ட சொல்லலாம் சார்.”

“இல்லம்மா. என் பேரே அதான்.”

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு குரல் வந்தது. இரண்டு வருடமாக அவர் மனதுக்குள் அந்தப் பெண்மணிக்கு ஒரு கதாநாயகிக் குரல் கொடுத்து வைத்திருந்தார். நிஜக் குரலுக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது.

“நீங்களா? போன்லயா? பதிவாகுமே!”

“ஆகட்டும்.”

“மெயில் பார்த்தீங்களா?”

“பூட்டிக்கிச்சு. முதல் எழுத்து மட்டும்தான் தெரிஞ்சது. ‘நீ’ன்னு.”

மறுமுனையில் மூக்கு உறிஞ்சும் சத்தம். “மிச்சம் என்னன்னு நினைச்சீங்க?”

“நீங்களே சொல்லுங்க.”

“நீலக் கோட்டிங் லென்ஸ் அடுத்த வாரம்தான் வரும்னு போட்டிருந்தேன். வேலை விஷயம் முதல்ல, அப்புறம்தானே மத்தது.”

போனில் காதை ஒட்டாத குறையாக நின்று ஒட்டுக்கேட்ட முதலாளி, ‘நான் சொல்லல?’ என்று கையை விரித்தார்.

“அந்த மத்தது…” என்று ஆரம்பித்தார் ரகசியம். இந்த இடத்தில் கதாநாயகன் மழையில் நின்று ஒரு பக்கம் பேசுவான். அவருக்கு ஒரே ஒரு சொல்தான் வந்தது.

“இரு.”

“இருன்னா? லைன்லயா, ஊர்லயா?”

“ஊர்ல. இருங்க. போகாதீங்க.”

அந்தப் பெண்மணி தும்மினார்.

“அதையா கேக்கப்போறேன்னு நினைச்சீங்க? படத்துலதாங்க பெட்டியைப் பிளாட்பாரத்துல போட்டுட்டு ஓடி வருவாங்க. எனக்கு மேனேஜர் வேலை குடுத்திருக்காங்க. போறதுன்னு திங்கட்கிழமையே முடிவு பண்ணிட்டேன்.”

ரகசியம் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். “அப்ப இன்னிக்குச் சொல்லவேண்டிய பதில்?”

“அங்க கம்பெனி வீடு தர்றாங்க. ஒத்தை ஆளுக்கான வீடா, குடும்பத்துக்கான வீடான்னு இன்னிக்குள்ள சொல்லணும்.” குரல் சற்று இறங்கியது. “என்ன சொல்லட்டும்?”

படங்களில் இந்த மாதிரி ஒரு காதல் வசனத்தை அவர் கேட்டதேயில்லை. ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாததால் சொந்தமாக யோசிக்க வேண்டியிருந்தது. அக்கா வீட்டு அறை, பிளாஸ்திரி ஒட்டிய மடிக்கணினி, பெயர் தெரியாத ஓர் ஊர்.

“குடும்பம்னு சொல்லுங்க.”

“அப்போ உங்க பேரு, பிறந்த தேதி சொல்லுங்க, கம்பெனில கேப்பாங்க. நிஜமானது வேணும்.”

சொன்னார். பதிவாகிக்கொண்டிருக்கும் தொலைபேசியில், கடையே கேட்க, நாள், மாதம், வருடம் எல்லாம் சொன்னார்.

“அடப்பாவி!” என்றார் முதலாளி. “அப்ப உன் பொறந்தநாள்னு வருஷா வருஷம் கோடைக்காலத்துல நாங்க கேக் வெட்டினது யாருக்குய்யா?”

“என்னைவிட ஒரு வயசு சின்னவரா நீங்க?” என்றது ஜலதோஷக் குரல். “படத்துல இதுக்கு ஒத்துக்க மாட்டாங்களே.”

“படத்தை விடுங்க,” என்றார் ரகசியம். அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தது அதுவே முதல் தடவை.

மாலையில் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அக்கா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலேயே அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினாள்.

“எந்த ஊரு?”

பழக்கதோஷத்தில் ரகசியம் ஒரு கணம் யோசித்தார். அதற்குப் பிறகுதான், கேட்க மறந்துவிட்டோம் என்பது உறைத்தது.

“அங்க உனக்கு வேலை?”

“கண்ணு இருக்கிற ஊர்ல கண்ணாடிக் கடை இருக்காதா?” என்று மாமா குறுக்கிட்டார். மைத்துனன் போனால் டிவி தன் சொந்த ரசனைக்குத் திரும்பும் என்ற உற்சாகம் அவர் முகத்தில் தெரிந்தது. “நல்ல ஊராத்தான் இருக்கும். போய்ட்டு வரட்டும்.”

“சரி, அவங்க நம்பரைக் குடு. வீட்டுப் பெரியவளா நான் ஒரு வார்த்தை பேச வேண்டாமா?”

ரகசியம் தலையைச் சொறிந்தார்.

“நம்பர் வாங்கல?” அக்காவின் குரல் பக்கத்து வீடு வரைக்கும் போனது. “குடும்பம் நடத்தப் போறே, நம்பர் வாங்கலையா? அவங்களே குடுக்க வந்தப்ப வேண்டாம்னவனுக்கு இப்பவாவது கேக்கணும்னு தோணலையா?”

ஆகவே சனிக்கிழமை காலை, மெயில் திறப்பதற்கு இன்னும் நேரமிருக்க, அக்கா பக்கத்தில் நின்று முறைக்க, அவர் மறுபடியும் டிப்போவின் எண்ணை அழுத்த வேண்டியதாயிற்று. பதிவு அறிவிப்பு ஓடி முடிந்தது. நேற்றுப் போன் எடுத்த அதே பெண்.

“மேடத்தோட சொந்த நம்பர் வேணும்மா,” என்றார் ரகசியம்.

“அட, ரகசியம் சாரா!” என்றாள் அவள். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. “ஒரு நிமிஷம் சார். எல்லாரும் உங்க குரலைக் கேக்கணும்னு சொல்றாங்க, ஸ்பீக்கர்ல போடறேன்.”

ரகசியம் அக்காவைப் பார்த்தார். போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு, “போடும்மா,” என்றார்.